வலக்கைக்கு நீல மூடி

ஏ அல்வா,

இன்று காலை குளித்துவிட்டுக் கால் துடைக்கும்போது பார்த்தேன். இடது கணுக்காலில், வெள்ளைத் திட்டுக்கு நடுவில், ஒரு கடுகு வந்திருக்கிறது. அழுக்காக இருக்குமோ என்று துண்டால் அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அப்போதும் போகவில்லை. கடுகேதான். புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரிடமாவது காட்டலாம் என்று வாசல்வரை ஓடிவிட்டேன். பால் போட வந்தவன் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்கவேண்டுமே. பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டு போனவன்தான். நாளைக்குப் பால் வருமா என்று தெரியவில்லை.

அவனுக்கு என்ன தெரியும் கடுகைப் பற்றி? அது வெண்புள்ளிக்காரர்களின் பேச்சு. வெளுத்துப்போன தோலில் பழைய நிறம் திரும்பி வந்தால் முழுசாக வராது. மயிர்க்கால் இருக்கிற இடத்தில் பழுப்பாக ஒரு புள்ளி எட்டிப் பார்க்கும். அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டினால்தான் திட்டு மூடும். ஆஸ்பத்திரியில் லைட்டு எடுக்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நம் கூட்டத்தில் ‘சாப்டியா’ என்று யாரும் கேட்டதில்லை. ‘கடுகு வந்துதா’ என்றுதான் கேட்போம். வந்தவர்கள் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள், வராதவர்கள் குனிந்து உற்றுப் பார்ப்பார்கள். பார்க்கிறவர்களின் முகத்தை நான் பார்ப்பேன். சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒரே முகத்தில் அவ்வளவு அழகாக உட்கார்ந்து வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கு வந்ததைக் காட்ட இன்றைக்கு ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடுதாசி. பிழை இருந்தால் அங்கிருந்தே தலையில் குட்டு.

முதன்முதலில் உன்னைப் பார்த்தது பூந்தமல்லி போகிற பஸ்ஸில். நீ ஆவடியில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாய். நான் பாரிவாக்கத்தில் ஏறினேன். பஸ்ஸில் அத்தனை பேர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். உன் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தது. ஏன் என்று உன் கையைப் பார்த்ததும் புரிந்தது. இரண்டு கையும் விரலிலிருந்து மணிக்கட்டுவரை வெளுத்திருந்தன. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாய். நான் தொப்பென்று உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை உன் பக்கம் நீட்டினேன்.

“இன்னா பாக்கற? நானும் உன் கட்சிதான். நீ மேல்மாடி, நான் கீழ்ப்போர்ஷன்.”

நீ சிரிக்கவில்லை. என் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாய். “ஒனக்கென்னட்டி, சேலை மறைச்சிரும்” என்றாய்.

பேசிய முதல் பேச்சே அப்படி. ஊர் எது என்று கேட்டேன், திருநெல்வேலி என்றாய். அன்றைக்கே உனக்கு அல்வா என்று பெயர் வைத்துவிட்டேன். நீ என்னை ‘மெட்ராஸ்காரி’ என்றாய். அதற்குப் பிறகு நாம் ஒருவரையொருவர் சொந்தப் பெயரில் கூப்பிட்டதே இல்லை.

நீ சொன்னதும் சரிதான். நான் நூம்பலில் ஒரு பெரிய ஃப்ளாட் வாசலில் இஸ்திரி வண்டி போட்டு நிற்கிறவள். துணி கொடுக்கிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போவார்கள். என் காலை யார் பார்க்கப்போகிறார்கள்? உனக்கு அப்படி இல்லை. வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. சுவருக்குச் சுவர் பழக்கம். ஒரு காலத்தில் அங்கே உன் கையால் சாப்பிடாத வீடு கிடையாது என்று சொல்வாய். விரலில் வெள்ளை வந்த பிறகு நீ கொடுத்தனுப்பிய கிண்ணங்கள் உள்ளே இருப்பது அப்படியே இருக்கத் திரும்பி வந்தன. ஒரு வீட்டில் வயிறு சரியில்லை, ஒரு வீட்டில் விரதம்.

“குவார்ட்டர்ஸ்ல அம்புட்டுப் பேரும் ஒண்ணுபோல விரதம் இருக்காவட்டி. அவ்வளவு பக்தி” என்று நீ சொன்னபோது பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். கண்டக்டர், “இன்னாம்மா, ஊட்ல டிவி இல்லியா, இங்க வந்து நடத்துறீங்க?” என்றான்.

டாக்டர்கள் நல்லவர்கள்தான். இது குஷ்டம் இல்லை, வெண்புள்ளி என்று சொல்லுங்கள் என்பார்கள். தொத்தாது, உயிருக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள். ஒருநாள் நான் கேட்டேன், “டாக்டரம்மா, இத்த எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்கோ? எங்க பக்கத்து ஊட்டுக்கு வந்து சொல்லுங்கோ.” அந்தம்மா சிரித்தாள். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

லைட்டு எடுக்கிற பெட்டி உனக்கு நினைவிருக்கிறதா? ஆள் உயரத்துக்குக் குழல் விளக்கு சுற்றிலும். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே நின்றால் சூடான இஸ்திரிப் பெட்டியை முகத்துக்கு நேராகப் பிடித்த மாதிரி ஒரு வாசனை வரும். எனக்கு அது பழகின வாசனை. நீ மட்டும் உள்ளே போகும்போதெல்லாம் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாய். என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். “வலது கைக்கு மட்டும் வந்தாப் போதும்னு கேக்கேன்” என்றாய்.

ஏன் வலது கை மட்டும் என்று அன்றைக்குத்தான் சொன்னாய். உன் மகளுக்குப் பேசி முடித்தாகிவிட்டது, தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு உங்கள் பக்கத்து ஆட்கள். உங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுக்குச் சொதி வைப்பார்களாம். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காயும் கொதிக்க, கூடவே இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். மாப்பிள்ளை இலையில் முதல் கரண்டி பெண்ணைப் பெற்றவள் கையால் விழவேண்டும்.

“எங்க அம்மை எங்க வீட்டு இவ்வோளுக்கு அப்படித்தான் ஊத்துனா. நான் கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேன். அந்தக் கரண்டி விழுந்த பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆச்சின்னே பட்டுது.”

“சொதியா? பேரே சரியில்லியே. சொதப்பிடாத” என்றேன். தோளில் அடித்தாய். அதற்குப் பிறகு நானும் அந்தப் பெட்டிக்குள் நிற்கும்போது உன் வலது கைக்காகக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். என் காலுக்கு என்ன அவசரம்.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி என்று ஒன்று வந்தது. புது மருந்து, களிம்பு, லைட்டோடு சேர்த்துப் போடவேண்டும். எனக்குச் சர்க்கரை இருப்பதால் சேர்க்கமாட்டோம் என்றுவிட்டார்கள். இந்த வயதிலும் பெயில். உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு சின்ன டாக்டரம்மா பொறுமையாக விளக்கினாள். ஒரு கைக்கு ஒரு டியூப், மறு கைக்கு வேறு டியூப். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் களிம்பு. சிவப்பு மூடி இடது கைக்கு, நீல மூடி வலது கைக்கு. எதில் எது இருக்கிறது என்பது அவளுக்கே தெரியாது.

“உங்களுக்கே தெரியாதா? அப்ப யாருக்குத்தான் தெரியும்?” என்று நான் நடுவில் புகுந்தேன்.

“யாருக்கும் தெரியக்கூடாதும்மா. தெரிஞ்சா கண்ணு ஏமாத்தும். மருந்து போட்ட பக்கம் நல்லா இருக்கிற மாதிரியே தோணும்.”

“முடியறப்ப?”

“முடிஞ்சதும் எது மருந்துன்னு பிரிச்சுப் பார்ப்போம். அப்புறம் எல்லாருக்கும் ரெண்டு கைக்கும் அதையே கொடுப்போம்.”

“எப்ப முடியும்?” என்று நீ கேட்டாய். அடுத்த ஆடி என்றாள். பஸ்ஸில் வரும்போது, “தை முன்னால வருது, ஆடி பின்னால வருது” என்று மட்டும் சொன்னாய்.

கடுகு வந்தது. இடது கையில் வந்தது. புறங்கையில் ஒன்று, அப்புறம் மணிக்கட்டில் கூட்டமாக. பெஞ்சில் இருந்த எல்லோரும் உன் கையை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். போட்டோ எடுக்க வந்த சின்ன டாக்டரம்மா நீலத் துணியில் உன் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தாள். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நீ மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தாய்.

“இன்னாடி ஆச்சு உனக்கு? ஊரே கொண்டாடுது, நீ மூஞ்சத் தூக்கி வெச்சினுகீற.”

“எந்தக் கையில வந்திருக்கு பாரு” என்றாய். “இந்தக் கையால ஒரு திருநீறு குடுக்க முடியுமா? ஒரு பிடி சோறு வைக்க முடியுமா? கால் கழுவுத கை கறுத்துட்டு. குடுக்கிற கை வெள்ளையாவே கெடக்கு.”

அந்த ஆராய்ச்சியைப் போட்டவர்களுக்கு இரண்டு கையும் தோல்தான். ஒன்றுக்கொன்று ஒப்பிட வசதியாகச் சாமி கொடுத்த இரண்டு கை. நம் வீட்டில் ஒரு கை அடுப்படிக்கு, ஒரு கை கொல்லைக்கு என்று அவர்களுக்கு யார் சொல்வது? அவர்கள் மேல் தப்பில்லை. வீட்டுக்குப் போனால் அவர்களும் வலது கையால்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு நீ செய்ததை நம்மில் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். சிவப்பு மூடியை வலது கைக்கும் நீல மூடியை இடது கைக்கும் மாற்றிப் போட ஆரம்பித்தாய். என்னிடம்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒருநாள் முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து என் மடியில் வைத்தாய். கட்டைவிரலுக்குக் கீழே ஒரே ஒரு கடுகு. உன் முகத்தை அன்றைக்கு மாதிரி நான் பார்த்ததே இல்லை. கல்யாணப் பெண் நீதான் என்று தோன்றும். நான் சத்தமாக, “தோ பாருங்கோ, எங்க அல்வாவுக்கு வந்துட்சு!” என்றேன். பஸ்ஸில் யாருக்கும் என்ன வந்தது என்று புரியவில்லை.

அடுத்த போட்டோவில் பிடித்துவிட்டார்கள். எப்படித் தெரியாமல் இருக்கும்? இடது கையில் கடுகு வளர்வது நின்றுபோயிருக்கிறது, வலது கையில் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “மாத்திப் போட்டீங்களாம்மா?” என்று மெதுவாகக் கேட்டாள். நீ பொய் சொல்லவில்லை. மகள் கல்யாணத்தைச் சொன்னாய், சொதியைச் சொன்னாய். அவளுக்கு எந்த ஊரோ, சொதி என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது.

“உங்களை இதுல வச்சுக்க முடியாதும்மா. வச்சுக்கிட்டா மத்தவங்களுக்குப் பாத்ததும் தப்பாப் போயிடும். டியூப் ரெண்டையும் குடுத்துருங்க.”

“தை வரைக்கும் மட்டும் குடுங்கம்மா. பொறவு நானே நின்னுக்கிடுதேன்.”

“எங்கிட்ட இல்லம்மா அது. கடையிலயும் இன்னும் வரல.”

கைப்பையிலிருந்து இரண்டு டியூப்பையும் எடுத்து மேசைமேல் வைத்தாய். சிவப்பு மூடியை ஒரு தடவை திறந்து மூடினாய். அவ்வளவுதான். லைட்டு மட்டும் தொடரலாம் என்றார்கள். வெறும் லைட்டுக்கு வலது கை கேட்கவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே இருந்த அந்தக் கடுகு மார்கழிக்குள் வெளுத்துப்போய்விட்டது. நீ ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். “இருக்குல்லட்டி?” என்பாய். “கீதே” என்பேன்.

கல்யாணம் ஆவடி மண்டபத்தில் நடந்தது. நான் பட்டுப்புடவை கட்டி வந்ததைப் பார்த்து, “எவ வீட்டு இஸ்திரிக்கு வந்தது?” என்று கேட்டாயே, அதுதான் நீ அந்த இரண்டு நாளில் அடித்த ஒரே கிண்டல். மறுநாள் விடியும் முன்பே நீ சமையல் கட்டில் இறங்கிவிட்டாய். சமையல்காரர்களை நகரச் சொல்லிவிட்டு, தேங்காய்ப்பாலை மூன்று தரமாக நீயே பிழிந்து, நீயே வைத்தாய் சொதியை. பந்தி போட்டாயிற்று. கரண்டியை எடுத்தாய். உன் வீட்டுக்காரரின் தங்கை வந்து உன் முழங்கையைப் பிடித்தாள்.

“மதினி, நீங்க பந்திக்கு வராண்டாம். மாப்ள வீட்டுக்காரவோ ஒண்ணும் சொல்ல மாட்டாவ. நாமளா ஒதுங்கிக்கிட்டா மரியாதை.”

அதட்டிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாய். அவள் தேன் மாதிரி சொன்னாள். கரண்டியைச் சமையல் பையன் வாங்கிக்கொண்டு போனான். நாம் இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் நின்றோம். மாப்பிள்ளை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். “மாமா, சொதி ரொம்ப நல்லாருக்கு, யாரு வச்சது?” என்றான்.

உன் வீட்டுக்காரர் சாது. யாரிடமும் ஏறிட்டுப் பேசாத மனுஷன். சம்பந்தி அம்மாளைப் பார்த்தார், தன் மகளைப் பார்த்தார். மகள் இலையைப் பார்த்தாள்.

“கேட்டரிங்காரங்கதான் மாப்ள” என்றார்.

உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்திருப்பார். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

தைக்குப் பிறகு நீ பஸ்ஸில் வரவில்லை. ஒருநாள் குவார்ட்டர்ஸுக்குத் தேடி வந்தேன். பகலில் ஜன்னலையெல்லாம் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இடது கையில் வந்திருந்ததும் போகத் தொடங்கியிருந்தது. “லைட்டுக்கு வாடி, அங்க உன்ன கேக்குறாங்கோ” என்றேன். “எதுக்கு?” என்றாய். மெய்யாலுமே தெரிந்துகொள்ளக் கேட்கிறவளைப் போலக் கேட்டாய். நான் ஏதேதோ சொன்னேன். ஒன்றும் தேறவில்லை.

அப்புறம் நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்றாயாம். வாயு என்று ஓமத்தண்ணி குடித்தாயாம். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று உன் வீட்டுக்காரர் கெஞ்சினாராம். “இன்னொரு டாக்டர்ட்ட கையை நீட்ட மாட்டேன்” என்றாயாம். அவர் அழுதுகொண்டே சொன்னார். ஆம்புலன்ஸ் வரும்போது நீ இல்லை.

உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றார்களே அல்வா. எத்தனை தடவை சொன்னார்கள். அவர்களிடம் போய்ச் சண்டை போட்டால், அது வேறு இது வேறு என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரியாகவும் இருக்கும். நெஞ்சு வேறு, தோல் வேறு. அந்தக் கதவுக்குப் பின்னால் நின்ற உன்னை மட்டும் எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னைக் குளிப்பாட்டி, சுமங்கலி என்று முகத்திலும் கையிலும் மஞ்சளை அப்பினார்கள். கடைசியில் உதட்டோரம்வரை வந்திருந்த வெள்ளை மறைந்துவிட்டது. இரண்டு கையும் ஒரே நிறம். உன் நாத்தனார் குங்குமச் சிமிழை உன் வலது உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். “மகராசி கையால வாங்கிக்கிடுங்க” என்று கூப்பிட்டாள். குவார்ட்டர்ஸ் பெண்கள் வரிசையில் வந்தார்கள். கிண்ணத்தைத் திருப்பி அனுப்பியவர்கள், விரதம் இருந்தவர்கள், எல்லோரும். குனிந்து, உன் விரலைத் தொட்டு, குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். சம்பந்தி அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் தாலி இழந்தவள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

எத்தனை பேர், அல்வா. அந்தக் கைக்கு முன்னால் அப்படி ஒரு வரிசை. எழுந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாயோ.

நான் அந்த வரிசையில் நிற்கவேண்டிய தேவையும் இல்லை. மறுவீடு முடிந்து எல்லோரும் மேலே போய்விட்ட அந்த மத்தியானம், சமையல் கட்டில் நீ கவிழ்த்துப் போட்ட அண்டாமேல் உட்கார்ந்திருந்தாய். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, “ஏ கேட்டரிங், பசிக்குது, ஒரு எல போடு” என்றேன். வாயை விட்ட பிறகுதான் பயம் வந்தது. நீ என்னை வெறித்துப் பார்த்தாய். எழுந்தாய். முழு இலையாகத் தேடி எடுத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்துப் போட்டாய். சோற்றை வைத்து நடுவில் குழித்தாய். வறுவல் வைத்தாய், இஞ்சிப் பச்சடி வைத்தாய். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, மூடாமல் மறைக்காமல், அந்த வெள்ளை விரல்களால் கரண்டியைப் பிடித்துக் குனிந்து சொதியை ஊற்றினாய். சொட்டுக்கூட இலைக்கு வெளியே போகவில்லை.

“சாப்பிடுங்க மாப்ள” என்றாய்.

நான் சாப்பிட்டேன். நீ நின்றுகொண்டே இருந்தாய். போதும் போதும் என்று கையைக் குறுக்கே வைக்க வைக்க ஊற்றினாய்.